தட்டில் விட்டுப் போன கத்தி

இன்று காலை அதிகாரியின் அலுவலக வாசலில் காவலாளி என் இடுப்பைத் தடவிப் பார்த்து, "இது என்ன சார்?" என்றார். கத்தி என்றேன். ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். "உள்ள போறவுக இதெல்லாம் கொண்டு போகக்கூடாது. இங்கன வச்சிட்டுப் போங்க, வரும்போது எடுத்துக்கிடலாம்." உன் மடக்குக் கத்தியை அதில் வைத்தேன். எவ்வளவு கழுவினாலும் போகாத மீன் கவிச்சி தட்டிலிருந்து எழுந்தது. எரிச்சலாக வந்தது, உன் மேல்தான்.

நீ பெரியபட்டினத்துக்காரன். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடும் வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே கம்பெனி, நம் இருவருடையது. போலீசுக்கும் ராணுவத்துக்கும் ட்ரோனில் கட்டிப் பறக்கவிடும் சாமான்கள், ஆளைக் கொல்லாமல் நிறுத்துகிறவை. எதையும் முதலில் உன் மேல் போட்டுப் பார்க்கும் கிறுக்கு உனக்கு. எங்கள் வீட்டுக் குண்டு மிளகாயில் புகைக் குப்பி செய்தபோது பகல் முழுக்க நீ கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளையை யாரோ அடித்துவிட்டார்கள் என்று உன் உம்மா கூச்சல் போட்டுத் தெருவையே திரட்டினார். காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி கட்டிய வாரம் பக்கத்தில் நின்றவனிடமும் கூவிக்கூவிப் பேசினாய். "மத்தவன் மேல போடுறத நம்ம மேல போட்டுப் பாக்காம விக்கிறது ஹராம் மாப்ள" என்பாய். மிளகாய் எங்களுடையது, பெருமை உனக்கு.

பிறகு வலை வந்தது. படகிலிருந்து குதித்து ஓடுகிறவனை ஆழமில்லாத தண்ணீரில் மடக்க, மேலிருந்து விழும் வலை. உங்கள் ஊர் வீச்சுவலையைப் பார்த்துத்தான் செய்தாய். உங்கள் ஊரில் வலை கிடக்கும் தண்ணீரில் கத்தியில்லாமல் யாரும் இறங்குவதில்லை. உன் வாப்பா கைலிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் செருகியிருந்த கத்தி இது. நீ ஜீன்ஸ் போட்டவன், ஆனாலும் இதை விட்டதில்லை. ஒவ்வொரு சோதனையிலும் வலையை அறுத்துக்கொண்டு இளித்தபடி எழுந்து வருவாய்.

அன்று தொண்டிப் பக்கம் அதிகாரிகள் முன்னால் செய்து காட்ட வேண்டியிருந்தது. பந்தல், நாற்காலி, இளநீர். பெரியவர்கள் வருகிற இடம் என்று கரைக்குப் போகும் வழியிலேயே சோதனை. கத்தியைத் தட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். சொல்லி வாங்கிவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. "நெஞ்சளவு தண்ணி மாப்ள. கடல் எனக்கு மாமியார் வீடு. கத்தியக் கேட்டு ஆர்டரக் கெடுத்துறாத." அந்தத் திமிருக்காக இன்றைக்கும் உன்னை அறையத் தோன்றுகிறது.

நீ கையைத் தூக்கினால் நான் ட்ரோனிலிருந்து வலையை விட வேண்டும் என்பது ஏற்பாடு. தூக்கினாய், விட்டேன். சரியாக உன் தலைமேல் விழுந்தது. கால் சேற்றில் புதைந்து சாய்ந்தாய். மறுபடி ஒரு கை மேலே வந்தது. பந்தலில் கை தட்டினார்கள். "பையன் நல்லா நடிக்கிறான்" என்றார் பெரிய அதிகாரி, இளநீரை உறிஞ்சியபடி. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது, ஓடினேன். அந்தச் சேற்றில் ஓடுவதும் நிற்பதும் ஒன்றுதான். வலையைக் கையால் பிய்க்கப் பார்த்தேன். நல்ல நைலானாகத்தான் தேடி வாங்கியிருந்தாய். கத்தியைக் கொண்டுவாங்க என்று அலறினேன். தட்டை வைத்திருந்தவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார், உத்தரவுக்காக.

வலை எதிர்பார்த்தபடி இயங்கியது, சாவுக்குக் காரணம் தண்ணீர் என்று அறிக்கை வந்தது. ஆர்டரும் வந்தது. நீ கெடுக்காதே என்றாய், கெடவில்லை. அவர்கள் அனுப்பிய மலர்வளையத்தை உம்மா வாசலுக்கு வெளியே வைத்தார், ஆடு தின்றது. ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த கத்தியை என்னிடம் நீட்டினார். "எம்புள்ள மவுத்தாயிட்டான், இத வச்சு நான் மீனா அறுக்கிறது? நீயாச்சும் இடுப்புல வச்சுக்க வாப்பா."

இன்றைக்கு ஒரே ஒரு கோரிக்கையோடுதான் போனேன். ஒவ்வொரு வலைப் பெட்டியிலும் ஒரு கத்தி வைக்க வேண்டும், சிக்கியவனை அறுத்து எடுக்க. அதே அதிகாரி. "தம்பி, உங்க வலைக்கு உயிருக்கு ஆபத்தில்லாததுன்னு சர்டிபிகேட் இருக்கு. கத்தி ஆயுதம்ல? ஆயுதத்த இந்தப் பெட்டிக்குள்ள வைக்க முடியாது."

"அப்ப நீங்க ஒரு தடவ இறங்கிப் பாருங்க சார். தொண்டியில அதே இடம். யாருக்கும் ஒன்னும் ஆகாதுல்ல?"

தனக்கு முதுகுவலி என்றார்.

கத்தி இல்லாமல் வலை தர மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "வரைபடம் எங்ககிட்ட இருக்கு தம்பி. வேற ஆளு தச்சுத் தருவான்." அடுத்து அந்த வலைக்குள் விழப்போகிறவன் உன் தெருக்காரனாகத்தான் இருப்பான். நீ அவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், பாவி.

வெளியே வரும்போது காவலாளி தட்டை நீட்டினார். "கத்திய மறந்துறாதீக சார்." செருகிக்கொண்டு தொண்டி பஸ் ஏறினேன். கொஞ்ச நாளாக, நீ போன அதே இடத்தில் உன் ஊர்ப் பையன்கள் வந்து எனக்கு நீச்சல் பழக்குகிறார்கள். மிளகாய்க்காட்டுக்காரன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சட்டையைக் கழற்றுகிறேன், வாட்சைக் கழற்றுகிறேன். கத்தியோடுதான் இறங்குகிறேன்.