மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவள்

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? தேர்வு முடியும்வரை போனை அலமாரியில் பூட்டிவிட்டாய், மின்னஞ்சலையும் ஞாயிறு மட்டும்தான் திறக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். அதனால்தான் பேனாவைத் தேடிப் பிடித்தேன்.

என் மடிக்கணினிமேல் டீ கொட்டிவிட்டது. மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் நேரம் பற்றி நாம் இருவரும் எழுதிய ஆய்வறிக்கை அதோடு போயிற்று. நாம் பேசிக்கொண்டிருந்த அந்த ஆய்வு நிறுவனத்தில் இருபதாம் தேதி எனக்கு நேர்முகத் தேர்வு, அறிக்கையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். உன்னிடம் பிரதி இருக்குமே, கொஞ்சம் அனுப்பேன். நீ இல்லாமல் விடுதி அறை வெறிச்சென்று இருக்கிறது.

உன் அறைத்தோழி,
குட்டை

மார்ச் 8

குட்டைக்கு,

டீ கொட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டு வருடம் ஒரே அறையில் பார்த்தவள்தானே. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டுவாய். கோப்புக்கு ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’, ‘சத்தியமாகக் கடைசி’ என்று பெயர் வைப்பாய். நான் தேதி போட்டு மூன்று இடங்களில் பிரதி வைக்கிறேன். அதற்குப் பெரிய மூளை வேண்டாம், கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும்.

பென் டிரைவ் இணைத்திருக்கிறேன். ஆய்வாளர் என்று என் பெயரும், உதவி என்று உன் பெயரும் இருக்கும். மருத்துவமனை வரிசையில் கடிகாரத்தோடு நின்றதற்கு அதுவே தாராளம். அதே நிறுவனத்துக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே போய் அசடு வழிந்து என் மானத்தையும் வாங்காதே.

நெட்டை

மார்ச் 22

நெட்டைக்கு,

பென் டிரைவ் கிடைத்தது. நேர்முகமும் முடிந்தது.

அந்தப் பெண் அதிகாரி உன் விண்ணப்பத்தோடு வந்த அறிக்கையை ஏற்கெனவே படித்திருந்தார்.

“மூணாவது அத்தியாயம்தான் இதுல உருப்படி. நீங்க உதவிதானே செஞ்சீங்க?”

“இல்ல மேடம், அது நான் எழுதினது.”

“எப்படி நம்பறது?”

பென் டிரைவை நீட்டினேன். அவரே அதிலிருந்த கோப்பின் திருத்தப் பதிவைத் திறந்தார். யார், எந்த வரியை, எந்த நாளில் எழுதினார் என்று அதில் வரிசையாக இருந்தது. மூன்றாம் அத்தியாயம் பதினோரு நாள், முழுக்க என் பெயரில். அதில் உன் கை படவே இல்லை. முதல் பக்கத்தில்தான் பட்டிருந்தது. ஜனவரி ஒன்பது, மதியம் மூன்று பத்துக்கு, ‘ஆய்வாளர்கள்’ என்பதன் கீழ் இருந்த என் பெயரை எடுத்து ‘உதவி’ என்பதன் கீழ் போட்டிருக்கிறாய்.

அவர் திரையில் உன் பெயரைத் தொட்டுக் காட்டினார். பிறகு கேட்டார், “இவங்க ஆள் எப்படி?”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். உன்மேல் கோபப்படுவதுகூட வீண் என்று அப்போது தோன்றியது.

“ரொம்ப ஒழுங்கு மேடம். எதைச் செஞ்சாலும் தேதி, நேரத்தோட வச்சிருவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. உன் விண்ணப்பத்தை எடுத்துத் தனியாக வைத்தார்.

திங்கட்கிழமை அங்கே வேலையில் சேர்கிறேன். உன் பொருள்களைப் பெட்டியில் கட்டி வார்டனிடம் கொடுத்துவிட்டேன். புது முகவரியை உனக்குத் தருவதாக இல்லை.

குட்டை