ஒண்ணாம் நம்பர் வலி

மே 4, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. வெட்கக்கேட்டை இங்கே மட்டும்தான் எழுத முடியும்: இடது காலில் கறுப்பு ஷூ, வலது காலில் பிரவுன். அப்படியே புற்றுநோய் வார்டுக்குள் ராணி மாதிரி நுழைந்தேன். கண்டுபிடித்தவர் ஏழாம் படுக்கை காதர் பாய், வாணியம்பாடி.

"சிஸ்டர், ஒண்ணு ஆட்டுத்தோலு, ஒண்ணு ரெக்சினு. இன்னா ஃபேஷன் இது?"

வார்டே சிரித்தது.

பாய்க்கு நோய் முதுகெலும்பு வரை. ஞாயிறு ஆம்பூரில் மகளுக்கு நிக்காஹ். இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டேன். "ஒண்ணு." எங்கள் கணக்கில் பத்துதான் உச்சம்; ஒண்ணு என்றால் வலியே இல்லாத மாதிரி. ரவுண்ட்ஸில் டாக்டரிடம் என் கைராசியைப் பற்றி ஜாஸ்தியாகவே அளந்தேன். மருந்தில் மாற்றமில்லை.

வாங்க வேண்டியவை: தக்காளி, ஷூ பாலிஷ் (ஒரே நிறம்).

ராத்திரி மீன் குழம்புக்குப் பத்துக்குள் நம்பர் கேட்டேன்; வீட்டுக்காரர் "நாலு" என்றார். கரண்டியை நங்கென்று வைத்தேன்.

மே 5, செவ்வாய்
இன்று ஜோடி சரி. புதுசு வேறு. பாய் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை. அப்போதும் கண் என் காலில்.

"இது ஒண்ணாம் நம்பர் தோலு சிஸ்டர். ஒரு கீறல் கெடையாது."

"வலி, பாய்?"

"அதுவும் ஒண்ணாம் நம்பர்."

"அப்போ பத்துன்னா?"

"பத்தா? கழிச்சுப் போடுறது. முப்பது வருசம் தோலு ரகம் பிரிச்சவன்கிட்ட கேக்குறீங்களே!"

அடப்பாவி மனுஷா. இல்லை, அடிப்பாவி நான். முகத்தைப் பார்க்காமல் நம்பரை மட்டும் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் ஓடி, கைராசியை வாபஸ் வாங்கினேன். மார்ஃபின் அளவைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் பாய் கம்பியை விட்டார். தூங்கினார். நான் டீயைக் கூட மறந்தேன்.

மே 7, வியாழன்
ஜூனியர் நர்ஸ் ஸ்டெல்லா பதறி வந்தாள். "அக்கா, பாய் எட்டுங்கறாரு! டாக்டரக் கூப்புடட்டா?"

போய்ப் பார்த்தேன். பாய் சாய்ந்து உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். எட்டேதான்.

நாளை டிஸ்சார்ஜ். அவர் மனைவிக்குப் பாடம்: மாத்திரை வலி வந்த பிறகு அல்ல, மணி பார்த்து. மலச்சிக்கல் மருந்தை மறக்கக் கூடாது.

"இதுக்கே பழகிப் போய்ட மாட்டாரா, சிஸ்டரம்மா?"

"டாக்டர் சொன்ன அளவுல குடுங்க, பயமில்ல."

பாய் குறுக்கே: "வலிக்கே பழகிட்டு இருந்தேன். அதவிடவா பேஜாரு?"

மே 10, ஞாயிறு
மதியம் போன். பின்னால் பிரியாணி அண்டாச் சத்தம். "சிஸ்டர்! முழுசா ரெண்டு மணி நேரம்! ஒம்போது!"

தோல்காரர் மனசை எப்படிப் படித்தேன் என்று வார்டு முழுக்கச் சொல்லியாயிற்று. ஸ்டெல்லா கைதட்டினாள்.

அவளிடம் சொல்லாதது: என் வீட்டுக்காரருக்கும் அதே தோல் ரகம் பிரிக்கிற வேலைதான். இருபத்து மூன்று வருஷமாக.