உள்ளே தள்ளிய லென்ஸ்

3-2-1986, திங்கள்

முதியோர் கல்வி வகுப்பில் கொடுத்த நோட்டில் எழுதுகிறேன். நாற்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்த கை, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அழித்து எழுதுகிறது. ஆனாலும் ஹயாத் பாஷா என்று என் பெயரை நானே எழுதிப் பார்க்க எவ்வளவு சந்தோஷம்!

லைக்கா காமிராவையும் இன்று ஓட வைத்துவிட்டேன். ஏற்காடு எஸ்டேட்காரர் சுவர்க்கடிகாரங்களைச் சரிசெய்ததற்குக் கூலியாகக் கொடுத்தது. ஷட்டர் சத்தம் நல்ல வாட்ச்போல மெல்லியது. லென்ஸ்தான் இல்லை.

5-2

வேலூர் டாக்டர் நாள் குறித்துவிட்டார். இருபதாம் தேதி என் மனைவி ஷரீபாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். கட்டி பெரியது என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

6-2

சவூதியிலிருந்து மகன் நசீருதீன் கடிதம். முதல்முறையாக நானே படித்தேன். அம்மா போட்டோ ஒன்று அனுப்பச் சொல்கிறான். அவன் போய் ஆறு வருடம்.

வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. பிற ஆண்முன் முகம் காட்டி உட்கார மாட்டாள். நிக்காவிலும் எடுக்கவில்லை.

"நீங்க எடுத்தா உக்கார்றேன். ஒரே தடவதான்" என்றாள்.

8-2, சனி

கல்யாணப் போட்டோ எடுக்கும் அப்துல் சுபானோடு பெங்களூர் போனேன். பழைய காமிராக் கடையில் இதற்குப் பொருந்துவதாக மூன்று லென்ஸ். பெரிய ஜெர்மன் லென்ஸ் வாங்க என் கடையையே விற்கவேண்டும். ரஷ்ய லென்ஸ் இரண்டு நம்பர். எல்மார் என்ற பழைய லென்ஸ் மூன்றரை நம்பர், குழாய்போல உள்ளே போகும். இரண்டும் ஒரே விலை.

"ரஷ்யாவ எடுங்க பாய். நம்பர் கொறஞ்சாத்தான் வெளிச்சம் நெறைய வாங்கும். வூட்டுக்குள்ளதான எடுக்கப்போறீங்க?" என்றான் சுபான்.

ரஷ்ய லென்ஸின் வளையம் காய்ந்த கிரீஸில் திக்கித் திக்கிச் சுற்றியது. எல்மார் வெண்ணெய்போல வழுக்கியது. என்ன பித்தளை வேலை! அதையே வாங்கினேன்.

"நீங்க லென்ஸ் வாங்க வந்தீங்களா, வாட்ச் வாங்க வந்தீங்களா?" தருமபுரி வரும்வரை ரயிலில் திட்டிக்கொண்டே வந்தான்.

11-2

பாத்திரம் துலக்கும் முற்றத்தில், நல்ல வெயிலில் ஷரீபாவை உட்கார வைத்தேன். பச்சைச் சேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸை நன்றாக உள்ளே அழுத்திக்கொண்டேன். காமிராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில் அவள் முகம் அவ்வளவு தெளிவு. முப்பத்தாறு படம்.

14-2

சுபான் கடையில் பிலிம் கழுவுவது அவன் மனைவி ஷகிலா. அதனால்தான் ஷரீபா சம்மதித்திருந்தாள். இருட்டறையிலிருந்து வந்த ஷகிலா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமா... எல்லாம் பொகையா இருக்கு."

சுபான் காமிராவை வாங்கிப் பார்த்தான். "கொழாய இழுத்துப் பூட்டினீங்களா பாய்?"

இழுப்பதா? கைக்கடிகாரத்தில் முள் திருப்பத்தான் சாவியை வெளியே இழுப்போம். ஓட வேண்டுமென்றால் உள்ளே அழுத்துவோம். கை தானாக அதைத்தான் செய்தது. பார்க்கும் ஜன்னல் தனிக் கண்ணாம், லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லையாம். கடைக்காரர் இழுத்துக் காட்டினாரே, எதற்கென்று கேட்டேனா? இயந்திரம் தெரிந்தவன் என்ற திமிர்.

சுபான் தன் காமிராவைத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இது என்ன வீம்பு?

15-2

ஷரீபாவிடம் சொல்லவில்லை.

16-2

சொன்னேன்.

"ஒரே தடவன்னு சொன்னேன்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சோறு வைத்தேன். தொடவில்லை. யா அல்லாஹ், என் கையாலேயே இப்படி ஆகவேண்டுமா?

18-2

வேலூர் பஸ்ஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால், பச்சைச் சேலையோடு முற்றத்தில் தானே உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏங்க கடிகாரக்காரரே, இப்பவாச்சும் இழுங்க" என்றவள் சிரித்துவிட்டாள்.

இழுத்தேன். பூட்டினேன். எடுத்தேன்.

20-2

ஒன்பது பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். எதிரே சுவர்க்கடிகாரம். அதைப் பார்க்க முடியவில்லை.

19-3, புதன்

ஷகிலா படம் கொடுத்துவிட்டுப் போனாள். ஓரம் கொஞ்சம் இருட்டு. முகம் தெளிவு. சவூதி விலாசத்தைக் கவர்மேல் நானே எழுதினேன். அரை மணி ஆயிற்று.

"அய்ய, பல்லெல்லாம் தெரியுது" என்று தலையணையில் சாய்ந்திருந்த ஷரீபா முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு காமிராவைக் கேட்டாள்.

"கவர ஒட்டாதீங்க. உங்களையுந்தான் அவன் ஆறு வருஷமாப் பாக்கல. நேரா நில்லுங்க."

நான் வாய் திறக்குமுன் லென்ஸை இழுத்துப் பூட்டினாள்.