படிக்கு ஒரு தோட்டா

சிட்லபாக்கம்,
வியாழக்கிழமை

என் அன்புப் பேத்தி வெண்ணிலாவுக்கு உன் ஆயா குப்பம்மா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, உன் அம்மா மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறோம். பெங்களூரில் நீயும் உன் சிநேகிதி ஜெரூஷாவும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே குளிர் ஜாஸ்தி என்று டிவியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் விளையாட்டைப் போட்டு நீ அனுப்பிய டேப்லெட், நீ டேப் என்பாயே, அது பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் அம்மா ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாள், அப்புறம் எனக்கே பழகிவிட்டது. எழுத்தெல்லாம் தமிழில் போட்டிருக்கிறாய். அஞ்சாம் வகுப்பு வரை படித்தது இத்தனை வருஷம் கழித்து இதற்கு உதவுகிறது பார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீயும் ஜெரூஷாவும் செய்த விளையாட்டை ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் தோட்டா போதவில்லை என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள், இரண்டு மடங்காகப் போடலாம் என்கிறாள் அவள், எனக்கு மனசு வரவில்லை, நீ ஆடிச் சொல் ஆயா என்று எழுதியிருந்தாய். இருபதாம் தேதி விளையாட்டை வெளியிடுகிற கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அப்பாவிடம் காட்டவில்லை. நீ வேலையை விட்டுப் போனதிலிருந்து எட்டு மாதமாக அவன் உன் பேரைச் சொல்வதில்லை. உனக்குத் தெரியாததா.

முதல் நாள் ஏழு தடவை செத்தேன். கையில் துப்பாக்கி, ஆறு தோட்டா, ஒரு தடி, ஒரு ரொட்டி. இறங்க இறங்க இருட்டறை. செத்தால் திரும்ப மேலேயிருந்துதான் வர வேண்டும். வந்தால் அறையெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது, படிக்கட்டு மட்டும்தான் பழைய மூலையில் இருக்கிறது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. வழியைக் கற்றுக்கொண்டு என்ன பிரயோஜனம்? அப்புறம்தான் புரிந்தது, கற்றுக்கொள்ள வேண்டியது வழியை அல்ல என்று. மூன்றாவது தடவை வரைக்கும் பெரிய எலியைச் சுட்டுச் சுட்டே தோட்டாவைத் தீர்த்தேன். நாலாவது தடவை கையில் ஒன்றுதான் மிச்சம். சுட பயந்து நின்றபோது எலியைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவே இல்லை, என் ரொட்டியைப் பார்க்கிறது! ரொட்டியைக் கீழே போட்டேன், அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. தோட்டா நிறைய இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்குமா? அதனால் இரண்டு மடங்கு வேண்டாம் என்பது என் பதில்.

ஒரு தடவை தரையில் கிடந்த தடித்த தோட்டாவாகப் பொறுக்கிப் பை நிறைய வைத்துக்கொண்டேன். கடைசியில் அது நீளத் துப்பாக்கிக்காம், என் கையில் இருந்ததில் நுழையவே இல்லை. பை நிறைய வைத்துக்கொண்டு செத்தேன். உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து இந்தத் தெருக்களில் நான் மீன் விற்றபோது, தெருமுனையில் கூடையை இறக்கியதும் ஒரு மீனை எடுத்து அங்கேயே வைத்துவிட்டுத்தான் குரல் கொடுப்பேன். என் மாமியார் செய்தார், நானும் செய்தேன். பூனை தின்னும், காக்கா தின்னும், எது என்று நின்று பார்ப்பதில்லை. அந்தக் கைப்பழக்கத்தில், உன் விளையாட்டிலும் ஒவ்வொரு தளத்திலும் படி இறங்கும் முன் ஒரு தோட்டாவை அங்கே வைத்துவிட்டு இறங்கினேன். ஆறில் ஒன்றை இப்படி விடுகிறோமே என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் செத்துத் திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்தில் அது அப்படியே இருக்கிறது! எடுத்துக்கொண்டேன். இரண்டாவது படியிலும் இருந்தது. இப்படியே அஞ்சாவது தளம் வரை போய்விட்டேன். அங்கே யாரும் வந்ததில்லை என்று நீ சொன்னாயே, நான் வந்தேன் என்று ஜெரூஷாவிடம் சொல். போன தடவை போனவள் இந்தத் தடவை வருகிறவளுக்கு வைக்கட்டும் என்று எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாய். என் பேத்தி அல்லவா.

பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி மாமி பேத்தி என்ன பண்ணறா என்று கேட்டார். தோட்டா எத்தனை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். மாமி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “தோட்டாவா! ஐயோ குப்பம்மா, பொண்ணு பட்டாளத்துலயா சேர்ந்துட்டா?” என்றார். விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். 

உன் ஆயா,
குப்பம்மா


சிட்லபாக்கம்,
திங்கட்கிழமை

வெண்ணிலா கண்ணுக்கு ஆயா எழுதுவது. எல்லாரும் சுகம். முருங்கை காய்த்திருக்கிறது. மற்றது அப்புறம், அவசரமாக எழுதுகிறேன்.

உன் பதில் காலையில் வந்தது. படிக்கட்டில் தோட்டா தங்குவது நீங்கள் வேண்டுமென்று செய்தது இல்லை, அறைகளை மாற்றும்போது படியை மட்டும் துடைக்க மறந்துபோன தப்பு, ஜெரூஷா கண்டுபிடித்துவிட்டாள், இருபதாம் தேதிக்குள் சரிசெய்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய்.

சரிசெய்யாதே. ஏன் என்று சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும், யாராவது கேட்டு உன் அப்பா காதில் போட்டுவிடுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வஞ்சிரம் வறுத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டு நான் ஊஞ்சலில் உட்கார்ந்து உன் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தைத் திருப்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “குடும்மா, இன்னாதான் கீதுன்னு பாக்கறேன்” என்று வாங்கினான். முதல் எலி மேலேயே ஆறு தோட்டாவையும் விட்டான். ஒன்றுகூடப் படவில்லை. எலி கடித்தே செத்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். “இன்னாத்துக்கு இவ்ளோ கஞ்சத்தனம்? வெறும் ஆறுதான் குட்த்துகீறா!” என்று கத்தினான்.

குட்த்துகீறா என்றான் கண்ணு. எட்டு மாதத்தில் உன்னைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. திட்டுதான், ஆனாலும் உன்னைப் பற்றி.

திரும்ப ஆடினான். முதல் படியில் நான் வைத்திருந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு, இது யார் வைத்தது என்று கேட்டான். நான்தான்டா என்றேன். “ஆறுல ஒண்ண வச்சிட்டுப் போவியா? உனுக்கு மூளகீதா?” என்று கேட்டான். கேட்டுக்கொண்டே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அதை வைத்துத்தான் மூன்றாவது தளம் வரை போனான். மாலை வரை டேப் என் கைக்கு வரவில்லை. உன் அம்மா காபி வைத்தாள், ஆறிப்போயிற்று.

இன்றைக்குக் காலையில் அவன் குளிக்கப் போயிருந்தபோது நான் திறந்தேன். இரண்டாவது படியில் தோட்டா இரண்டு இருந்தது. நான் வைத்தது ஒன்று. மூன்றாவது படியில் நான் வைத்ததை முன்பே எடுத்தாயிற்று, சனிக்கிழமையிலிருந்து அங்கே போகவே இல்லை, அங்கேயும் ஒன்று இருந்தது. அவனுக்குத் தோசை வார்த்தேன், நாலு சாப்பிட்டான், எட்டு மணி ரயிலுக்குப் போய்விட்டான்.

ஆளுக்கு நூறு தோட்டா இருந்தால் அவன் எனக்கு வைத்த ஒன்றை நான் கவனித்திருப்பேனா? ஜெரூஷா கெட்டிக்காரப் பெண், அவள் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறையும் ஆறாகவே வைத்து, படியையும் துடைக்காமல் அனுப்பு. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆடினால் இப்படியும் ஆடலாம் என்று முதலிலேயே எழுதிக் காட்டு, பழகியவர்கள் பாதியில் விட மாட்டார்கள். கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று போகட்டும். அப்போது நீ வீட்டுக்கு வா, அதில் ஒரு கேவலமும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று மாற்றி அனுப்பி, அதையும் வேண்டாம் என்று சொன்னால்தான் உனக்கு மனசு ஆறாது.

இதை உடனே ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். கைநாட்டு வைத்தவர்கள் வம்சத்திலிருந்து வந்து கம்ப்யூட்டரில் உலகம் செய்கிறாய். உன் இஷ்டம் எதுவோ அதைச் செய்.

ஆயா


சிட்லபாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்லம் வெண்ணிலாவுக்கு,

நீ போனில் சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை. விளையாட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாமே! படிக்கட்டு விஷயம்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது என்றும், அந்தக் கம்பெனியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஆடிப் பார்த்து ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளித்து வைத்தார்கள் என்றும் சொன்னாயே, அதை நான் நாகலக்ஷ்மி மாமியிடம் சொன்னேன். மாமி, இந்த வயசில் எனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுங்கோ என்கிறார். நாளைக்கு நானும் மாமியும் திருநீர்மலைக்குப் போகிறோம். மலை ஏற முடியாது, கீழேயே நின்று கும்பிட்டு வருவோம். ஜெரூஷா அவங்க சாமியிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அம்மா உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் தயிர் கேட்டான். அவ்வளவுதான். பழைய ஆபீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது பாட்டு முணுமுணுத்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது பணம் வரும், ஆள் வருவார்கள், வேலை ஏறும். அதற்காகச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இரண்டு பேரும் சண்டை போட்டால் அன்றைக்கே பேசிவிடுங்கள். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. எனக்காகச் சொல்லவில்லை.

கீழே நாலு விரல் அளவு இடம் விட்டிருக்கிறேன். கவரை ஒட்டாமல் உன் அப்பாவிடம் கொடுத்து, நாளைக்குத் தாம்பரத்தில் தபாலில் போட்டுவிடு என்று சொல்லப் போகிறேன். அவன் எழுதினாலும் எழுதுவான், எழுதாவிட்டாலும் நீ வருத்தப்படக்கூடாது.

ஆசீர்வாதத்துடன்
உன் ஆயா குப்பம்மா


வெண்ணிலா,

அஞ்சாவது தளத்தில் இரும்புக் கதவு திறக்கவில்லை. நாலு நாளாகப் பார்க்கிறேன். உன் ஆயாவுக்கும் தெரியவில்லை. நீ வரும்போது சொல்லிக் கொடு. எந்த ரயில் என்று சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அப்பா