ஸ்டீயரிங்கோடு சண்டை ஓய்ந்தது

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம். நானும் பாப்பாவும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா, அம்மா?

இந்தப் பழைய வண்டியை நம்பிப் பிள்ளையை வைத்திருக்காதே, இங்கே அனுப்பிவிடு என்றாயே, இனி அந்தப் பேச்சே வேண்டாம். பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகி, ஸ்டீயரிங் இறுகிப்போய், ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது உண்மைதான். மெக்கானிக், சக்கரங்களைத் திருப்பும் ரேக்தான் ஒழுகுகிறது என்று அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிவிட்டார்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி அவருடைய பழைய டயர்க் குவியலில் மெதுவாக முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

"ஏம்மா, இன்னும் அதோட சண்டையா? அதுதான் சமாதானத்துக்கு வந்துடுச்சே, ரெண்டு விரல் போதும்!" என்றார்.

பின்சீட்டில் பாப்பா கைதட்டினாள். "அம்மா, இன்னொரு தடவை இடி!"

இன்று இரண்டே விரலில் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன்.

ஒரே ஒரு உதவி. அப்பாவை நீ திட்டுவதைப் போனில் பதிவுசெய்து அனுப்பு. பாப்பா தூங்கிவிட்டால் வீட்டில் சத்தமே இல்லை. அவளையும் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருப்பேனோ! இதோ, விழித்துக்கொண்டு கூப்பிடுகிறாள். ஓடுகிறேன்.

உன் மகள்