பள்ளிக்கூடத்துக்கு வந்த எட்டுத் தறி

மருதமுனை
2.6.1957

மகன் மசூருக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நடமாடித் திரிகிறோம், நீயும் மருமகளும் பேரன் றஸாக்கும் அங்கே சுகமாக இருக்கத் துஆக் கேட்கிறேன். சுகத்தைப் பற்றி இவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை நதீரா. இதை விடுவோம் உம்மா என்று அவள் பேனையை வைத்த இடத்திலெல்லாம் எழுது புள்ள என்று சொல்லியிருக்கிறேன், அவளைக் கோபிக்காதே, கோபம் வந்தால் என்னோடு வை.

தை மாதம் கொழும்புக் கல்விக் கந்தோர்க் காரில் இரண்டு துரைமாருடன் நீ கல்முனைக்கு வந்து, நதீரா படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஏறி நின்று, இந்தப் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களைத் திருத்தப் போகிறோம், பிள்ளைகள் இனி மனப்பாடம் பண்ணத் தேவையில்லை, கையால் செய்து படிப்பார்கள், ஊர்த் தொழில் பள்ளிக்கூடத்துக்குள் வரும் என்றெல்லாம் பேசினாய். சனம் கை தட்டியது. என் மகன் கதைக்கிறான் என்று கேள்விப்பட்டு நானும் சந்தோஷப்பட்டேன். பங்குனியில் லொறியில் எட்டுத் தறி வந்து இறங்கியது. வைக்க இடமில்லை என்று விஞ்ஞான அறையைக் காலி பண்ணினார்கள். கண்ணாடிக் குழாயும் மருந்துப் போத்தலும் விறாந்தையில் கிடந்து பாதி உடைந்தது. பின்னேரப் பாடமெல்லாம் நெசவுக்குப் போனது. எஸ்.எஸ்.ஸி. வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் பதினொரு பேர், அதில் நதீரா ஒருத்தி, மார்கழியில் சோதனை.

நெசவு படிப்பிக்க ஆள் வேண்டும் என்று பெரிய வாத்தியார் உன் வாப்பாவுக்கு ஆள் அனுப்பினார். மகன் கொண்டுவந்த திட்டம் என்று அவரும் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் முதல் தறியில் நதீரா. ஐந்து வயதில் இருந்து நம்முடைய வீட்டுத் தறிக்கு நூல் சுற்றுகிறவள், மற்றப் பிள்ளைகள் இழையை அறுத்துக்கொண்டு இருக்க இவள் ஒரு முழம் நெய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாளாம். வாப்பா வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். இவளுக்குப் படிப்பிக்க என்னட்ட என்ன இரிக்கி, எனக்குத் தெரியாததப் படிக்கத்தானே இஸ்கூலுக்கு அனுப்பின என்று சொன்னவர்தான், மறுநாள் போகவில்லை.

சித்திரைத் தொடக்கத்தில் உன் கந்தோரில் இருந்து ஓர் ஐயா வந்து பார்த்துவிட்டுப் போனார், பின்னால் அச்சடித்த அறிக்கை வந்தது. அதைப் பெரிய வாத்தியார் காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்தார். திட்டம் பெரிய வெற்றியாம், ஒரு மாணவி இரண்டே கிழமையில் கைதேர்ந்தவரைப் போல நெய்கிறாளாம், இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது இயற்கையாகவே வருகிறதாம், இவர்களுக்கு ஏற்ற கல்வி இதுதானாம். கீழே உன் கையெழுத்து. அந்த மாணவி யார் என்று உனக்குத் தெரியாதா மகன்? பேர் போட்டிருக்கவில்லை என்று சொல்லுவாய். எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரு சொல் கேட்க உனக்குத் தோன்றவில்லை. நீ மேல் வகுப்புப் படித்த காலத்தில் வேலைக்கு ஆள் இல்லாத நாளிலும் அவன் படிக்கட்டும் என்று வாப்பா உன்னைத் தறிப் பக்கம் அண்ட விடவில்லை. உன் பங்கு நூலையும் சேர்த்துச் சுற்றியவள் இந்தச் சிறுக்கிதான். அவளுக்கு இயற்கையாக வந்ததாம்! நீ படிக்க வேண்டும் என்பதற்காக வந்தது மகன்.

அறிக்கை வாசித்த மறுநாள் பக்கத்து வீட்டுச் சபூறாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் வயதுக்கு அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. பெரிய வாத்தியார் கதிரை தந்தார். என்ன உம்மா செய்யிற, மேலிடத்துக் கட்டளை, ஒங்கட மகன்ட திட்டம்தானே, அவருக்கிட்டக் கதைங்க என்றார். அவன்ட மகன் கொழும்பில எங்க படிக்கான் எண்டு தெரியுமா சேர், இங்கிலீசு இஸ்கூல்ல கணக்கும் விஞ்ஞானமும் படிக்கான், அங்க ஒரு தறியும் இல்ல, இது நல்ல சாமானெண்டா தன்ட புள்ளைக்கு முதல்ல குடுத்திருப்பானே என்று கேட்டேன். சபூறா அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை.

பிறகு மனு எழுதினோம். மருதமுனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணை எல்லாம் நடந்து நூற்றுப் பன்னிரண்டு தாய் தகப்பன்மாரைச் சேர்த்தோம். விஞ்ஞான அறையைத் திருப்பித் தாருங்கள், பின்னேரப் பாடத்தைத் திருப்பித் தாருங்கள், தறி எங்கள் வீடுகளில் இருக்கிறது, இவ்வளவுதான் மனு. விஞ்ஞானம் படிப்பிக்கிற நல்லரெத்தினம் மாஸ்டர், நான் அரசாங்கச் சம்பளக்காரன், இதில கையெழுத்து வைக்க ஏலாது, புள்ளையளுக்குப் படிப்பிக்க ஏலும் என்று சொல்லி, உடையாத போத்தல்களைப் பாண்டிருப்பில் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். இப்போது பின்னேரம் பதினொரு பேரும் அங்கேதான். தறியில் யாரும் இல்லை. வாப்பா நதீராவைக் கூட்டிக்கொண்டு போய், பாடம் முடியும் வரைக்கும் முற்றத்தில் இருந்து கேட்டுக்கொண்டு வருகிறார். உப்புக்குள் இரண்டு சாமான் இருக்கிறதாம், நேற்று வந்து எனக்குச் சொன்னார்.

மனுவை உன் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தோம். வியாழக்கிழமை மறுமொழி வந்தது. மனு கிடைத்ததாம், விசாரித்து முடிவு எழுத அதற்குரிய உத்தியோகத்தரிடம் கொடுத்திருக்கிறதாம். நதீரா வாசித்துவிட்டுச் சிரித்தாள். அந்த உத்தியோகத்தர் நீதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. முடிவை எழுதிவிட்டு வா, எழுதாமல் வராதே. மருமகளுக்குச் சலாம். றஸாக் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அல்லாஹ் அவனுக்கு நல்ல கல்வியைக் கொடுக்கட்டும். உனக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், செய்ததைத் திருத்திக்கொள்கிற அளவுக்கு. ஒன்றை மட்டும் மறவாதே, மனுவில் முதலாவதாக வைத்திருக்கிற பெருவிரல் அடையாளம் என்னுடையது. மறுமொழியில் உம்மா என்று எழுதாதே. மனுதாரர் என்று எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
கா. கைருன்னிஸா