பொரியை மூடிய சுதந்திர தினம்

மரக்காணம்,
ஆகஸ்ட் 18.

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம், சாப்பாட்டுக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனை எடுத்தால் தேவா ஒரு பக்கமும் நிவேதா ஒரு பக்கமும் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களை வைத்துக்கொண்டு அவர்களைப் பற்றி எப்படிப் பேசுவது? எதிர்வீட்டு சாலமன் லீவு முடிந்து நாளைக்கு அங்கே கிளம்புகிறான். உன் அம்மா கட்டி வைத்திருக்கிற கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன், கருவாட்டு வாசனை அடித்தால் கோபித்துக்கொள்ளாதே.

பெரிய வீடு கிடைத்துவிட்டது, பிள்ளைகளை அழைத்துக்கொள்கிறோம் என்று நீ போன மாதம் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மா. உப்பளத்துக் கரையில் ஓடித் திரிந்த பிள்ளைகளை அடுக்குமாடியில் அடைத்தால் வாடிப்போவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நீ என் மகள்தானே, விடுவாயா? “சுதந்திர தினத்துக்கு ரெண்டு பேரையும் மெட்ராஸ் கூட்டிட்டுப் போய்க் காட்டுப்பா, ஊருக்குப் போலாம்னு அழுதாங்கன்னா நானே விட்டுடுறேன்” என்றாய். நான் உடனே சரி என்றதன் காரணம் உனக்குப் புரிந்திருக்கும். நிச்சயம் அழுவார்கள், ஜெயித்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் கிளம்பினேன். அன்றைக்கு நம் உப்பளத்திலும் எல்லாருக்கும் லீவு, தனகோடி மட்டும் காவலுக்கு இருக்கிறேன் என்றான். மாட்டை யார் பார்ப்பது என்று உன் அம்மா வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறினோம். கல்பாக்கம் வருவதற்குள் நிவேதா வாந்தி எடுத்துவிட்டாள், ஆரம்பமே நம் பக்கம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சிப்ஸ் கேட்டாள்.

திருவல்லிக்கேணியில் உன் அத்தை அமராவதி வீட்டில் தங்கினோம். காலையில் அவர்கள் குடியிருப்பில் கொடியேற்றினார்கள். கயிற்றை இழுத்ததும் கொடி விரிந்து உள்ளே இருந்த பூ கொட்டியது, எல்லாரும் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கும்போது நிவேதா மட்டும் கைதட்டி, “திரும்பக் கட்டுங்க, திரும்பப் பூ கொட்டுங்க” என்று ஒரே பிடிவாதம். சங்கத் தலைவர் சிரிப்பை அடக்க முடியாமல் தேசிய கீதத்தை இரண்டாவது வரியிலிருந்து பாடினார். தேவா சட்டையில் கொடி குத்திக்கொண்டு, மிட்டாய் கொடுக்கிற வரிசையில் இரண்டு தடவை போய் நின்றான். அப்புறம் மெட்ரோ ரயில் பார்க்கப் போனோம். அங்கே தானாக நகர்கிற படிக்கட்டு இருக்கிறதே, அதில் கால் வைக்க எனக்கு உதறல். இரண்டு பேரும் விறுவிறுவென்று இறங்கிப்போய்க் கீழேயிருந்து, “தாத்தா, கண்ண மூடிக்கினு காலை வெச்சுடு” என்று கத்துகிறார்கள். ஸ்டேஷனே என்னைத்தான் பார்த்தது. கடைசியில் உன் அத்தை என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிள்ளைகள் அழுவார்கள் என்று பார்த்தால் நான்தான் அழாத குறை.

சாயங்காலம் மெரினா. கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன், தேவா ஒரு தடவை திரும்பிப் பார்த்து, “நம்ம கடல்தான்” என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பக்கம் ஓடிவிட்டான். ஜனம் என்றால் அப்படி ஒரு ஜனம், எந்தப் பிள்ளை கையைப் பார்த்தாலும் மூவர்ணப் பலூன். குதிரைச் சவாரி முடிந்து, ஆரோக்கியசெல்வி என்று ஒரு அம்மாள் வைத்திருந்த பொரிக் கடையில் நின்றோம். நான்கு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஜனங்கள் நின்று தின்கிறார்கள். முன்னால் தள்ளுவண்டியில் வெள்ளை வெளேரென்று பொரி குவித்து வைத்திருந்தது. அப்போது பார்த்துப் படபடவென்று மழை பிடித்துக்கொண்டது. நம் வீட்டில் மழை என்றால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? தட்டில் இருக்கிற சோற்றை விட்டுவிட்டு ஓடுவோம், உப்புக் குவியலை மூடிவிட்டுத்தான் நம் தலையைத் துவட்டுவோம். தேவா, “தாத்தா, மழ!” என்று கத்தினான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்க்க, நான் மறுபக்கத்தை அவிழ்க்க, மேலே கட்டியிருந்த தார்ப்பாயை உருவி அந்தப் பொரிக் குவியலை இறுக்கிப் போர்த்திவிட்டோம். நிவேதா அதன் ஓரம் பறக்காமல் இருக்கத் தன் இரண்டு செருப்பையும் கழற்றி வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் கூரை இல்லாமல் அத்தனை ஜனமும் தொப்பலாக நிற்கிறது.

அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “யோவ் பெரியவரே, இன்னாய்யா பண்ற? மனுஷங்கள நனைய வுட்டுட்டுப் பொரியப் போத்துற?” என்று ஒரு போடு போட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மரக்காணம், உப்பளம், பழக்கதோஷம் என்று உளறினேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நல்ல உப்புக்காரங்கய்யா நீங்க” என்று சொல்லி, நனையாத பொரியில் இரண்டு பொட்டலம் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். நனைந்தது நனைந்தாயிற்று என்று சுற்றியிருந்த பிள்ளைகளெல்லாம் குதித்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் இரண்டும் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றன. “மழ பெய்யுதே, இவங்க ஏன் தாத்தா சிரிக்கிறாங்க?” என்று தேவா கேட்டான். இவங்ககிட்ட உப்பு இல்லடா, நனையலாம், நீயும் போ என்றேன். அவன் தங்கையையும் இழுத்துக்கொண்டு போய் ஆடினான் பார், அப்படி ஓர் ஆட்டம். மழையில் சந்தோஷமாக நிற்கிற பிள்ளையை என் வீட்டில் நான் பார்த்ததே இல்லை சூர்யா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தனகோடிக்குப் போன் போட்டேன், அங்கே வெறும் மேகம்தான், உப்பெல்லாம் மூடியாச்சு என்றான். அப்புறம் நானும் கொஞ்சம் நனைந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், இன்னும் ஆசை விடாமல் நானே பேச்சைக் கிளப்பினேன். அம்மா இருக்கிற ஊர் இதைவிடத் தூரம், அங்கே தாத்தா இருக்க மாட்டேன், ஆயா இருக்க மாட்டாங்க, மழைகூட எப்போதாவதுதான் என்று எல்லாக் குறையையும் அடுக்கினேன். தேவா யோசித்துவிட்டு, “மழையே வராதா? அப்ப அங்க உப்பு நல்லா வெளையும், நீயும் வந்துடு தாத்தா” என்றான். நிவேதா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அங்க போனா அம்மா போனுக்கு வெளியவே இருப்பாங்களா?” என்று கேட்டாள். நீ போகும்போது அவளுக்கு நடக்கவே சரியாக வராது. ஆமாம் கண்ணு, வெளியவே இருப்பாங்க என்று மட்டும் சொன்னேன்.

அதனால் பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். நேற்றே இரண்டு பேரையும் திண்டிவனம் கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டேன், ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் நிவேதாவுக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறாள், நீ புரிந்துகொள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். லீவுக்கு மட்டும் தவறாமல் அனுப்பிவை. மழை வந்தால் பிள்ளைகளை நனையவிடு, தலையை மட்டும் நன்றாகத் துவட்டு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்று மறந்துவிட்டேன். நிவேதா யாராவது ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள், இதுவரைக்கும் என் காது. அவள் வந்து சேருகிற அன்றைக்குக் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் படு.

உன் அப்பா,
அரசப்பன்